பதினெட்டுக்குப் பிறகு என்ன?

எமது மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவின் அலமாரியில் நான்கு விரல் தடிமனில் ஒரு கோப்பு உள்ளது. ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழு வயதில் எங்களிடம் வந்த சிறுவனின் கோப்பு அது. மூளை முடக்குவாதத்தால் அவனுடைய இரு கால்களும் இறுகியிருந்தன. தசை இறுக்கம் எவ்வளவு, முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, காலுக்கு அணியும் தாங்கி எப்போது மாற்றப்பட்டது, அறுவை சிகிச்சை எப்போது நடந்தது எனப் பதினொரு ஆண்டுகளின் செய்திகள் அனைத்தும் அதில் உண்டு. சென்ற ஆண்டு அவனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. பெரியவர்களுக்கான பிரிவுக்கு மாற்றும் பொருட்டு அக்கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். அவன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்ற ஒரு வரி அதில் எங்குமே இல்லை.

அவனிடமே கேட்டோம். அருகிலிருந்த தாயார்தான் விடையளித்தார். "எட்டாவதோட நின்னுட்டான் டாக்டர். அதுக்கு மேல படிக்க ஆறு கிலோமீட்டர் போகணும். ஒன்பதாம் வகுப்பு மாடியில இருக்கு. நான் தூக்கிட்டுப் போயிருப்பேன், எனக்கு முதுகுவலி வந்துடுச்சு." அந்த முதுகுவலிக்கும் எங்கள் மருத்துவமனையிலேயே மருந்து வாங்கிக்கொண்டிருந்தார். மகனுடைய கோப்பையும் தாயினுடைய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது. குறைபாட்டோடு வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், அப்பிள்ளைகளுக்குமே நாங்கள் முன்னரே சொல்லியிருக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன. அவற்றைப் பதினெட்டாம் வயதில் சொல்வது காலங்கடந்த செயல். பதினான்காம் வயதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் பதினான்கு? பதினெட்டாம் பிறந்தநாளன்று ஒரு பிள்ளையின் வாழ்வில் பல ஏற்பாடுகள் ஒரே சமயத்தில் முடிவுக்கு வருகின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்குகிறது. அருகமைப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, தேர்வு குடும்பத்தினுடையது. பதினெட்டுடன் அந்த உரிமை நின்றுவிடுகிறது. குழந்தை மருத்துவரின் பொறுப்பும் ஏறத்தாழ அந்த வயதோடு முடிகிறது. பெற்றோர் என்ற முறையில் கையொப்பமிடும் சட்ட உரிமையும் அன்றோடு முடிகிறது. அறிவுத்திறன் குறைபாடுடைய மகளுக்கு வங்கிக் கணக்கு தொடங்கச் சென்ற தந்தை ஒருவர் அன்றுதான் இதை அறிந்துகொண்டு எங்களிடம் திகைத்து நின்றார். அதுவரை வாரந்தோறும் யாராவது ஒருவர் அப்பிள்ளையைப் பற்றி விசாரித்திருப்பர். அதற்குப் பிறகு விசாரிக்க ஆளில்லை. வீட்டுத் திண்ணையும் தொலைக்காட்சியுமே மிஞ்சுகின்றன.

இந்த இடைவெளி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஒரு சட்டமே இதற்கெனப் பேசுகிறது. சிறப்புக் கல்வி பெறும் மாணவருக்குப் பதினாறு வயது ஆவதற்குள், பள்ளிக்குப் பின் அவர் என்ன படிப்பார், என்ன வேலை செய்வார், எங்ஙனம் வாழ்வார் என்று ஒரு திட்டம் எழுதப்பட வேண்டும். அத்திட்டக் கூட்டத்துக்கு அந்த மாணவரையும் அழைக்க வேண்டும். ஆயினும் அங்கே வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் பல, ஆங்கிலப் படிவங்களுக்கும் அலுவலகப் பேச்சுக்கும் முன்னே தடுமாறுகின்றன. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை என்று சட்டம் சொல்வதற்குக் காரணம் இதுதான். படிவம் புரியாமல் கைகட்டி நிற்கும் தாயை நாங்கள் அங்கே சென்று பார்க்க வேண்டியதில்லை. எமது பதிவு மேசையின் முன்னேயே பார்க்கிறோம். மொழி தமிழாக இருந்தும், "இயக்கக் குறைபாடு", "பல்வகைக் குறைபாடு", "தற்காலிகச் சான்று" என்னும் சொற்கள் அவருக்கு வேற்றுமொழிதான்.

அட்டையும் அதன் மேலுள்ள அச்சமும்

எனவே அட்டையிலிருந்து தொடங்குவோம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ தேசிய அடையாள அட்டை, எல்லாரும் யுடிஐடி என்று அழைப்பது, இன்று ஏறத்தாழ எல்லா உதவிகளுக்கும் வாயிற்படி. இணையவழி விண்ணப்பித்து, அரசு மருத்துவர்களின் மதிப்பீட்டுக்குப் பின் பெறப்படுவது. ஆதார் அட்டையும் ஒளிப்படமும் பழைய மருத்துவப் பதிவுகளும் வேண்டும். அட்டையிலுள்ள வண்ணக்கோடு குறைபாட்டின் அளவைக் காட்டும்: 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை இருபத்தொன்று. தசைச்சிதைவு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, குள்ளத்தன்மை, தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் எனப் பலவும் சேர்ந்துள்ளன. இரத்தம் ஏற்றிக்கொள்ள மாதந்தோறும் வரும் தலசீமியாப் பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு, தம் பிள்ளைக்கும் இச்சட்டம் பொருந்தும் என்பதே தெரியவில்லை. "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்கின்றனர்.

தெரிந்தும் வேண்டாம் என்போர் உண்டு. இவ்விடத்தில் சற்று நின்று பேச வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாயார், செவித்திறன் குன்றிய தம் மூத்த மகளுக்கு அட்டை வாங்க ஆறு ஆண்டுகள் மறுத்துவந்தார். காரணம் இளைய மகள். "பெரியவ பேருல சர்க்கார் சீட்டு ஒண்ணு வீட்டுல இருக்குன்னா சின்னவளை யாரு கேட்டு வருவா?" என்றார். அதில் அறியாமை ஏதும் இல்லை. தம் ஊரை நன்கு அறிந்த ஒரு தாயின் கணக்கு அது. அதை எங்களால் எள்ளி நகையாட இயலாது. நாங்கள் அவரிடம் சொன்னது ஒன்றே: மகளுக்குக் காது கேளாது என்பதை ஊர் முன்பே அறியும், அட்டை ஊருக்குப் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை, கல்லூரிக்கும் தேர்வுக்கும்தான் சொல்லும். அவர் உடனே இணங்கவில்லை. அந்தப் பெண்ணே பதினேழாம் வயதில், தன் தந்தையின் கைபேசியில் விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள்.

வளரும் பிள்ளைகளுக்குத் தரப்படும் சான்று பல நேரங்களில் தற்காலிகமானது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் மறுமதிப்பீடு தேவைப்படும். அச்சான்று பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும் ஆண்டிலோ, பன்னிரண்டு முடித்துக் கலந்தாய்வுக்குச் செல்லும் மாதத்திலோ காலாவதியாகி நிற்கும் துயரத்தை ஆண்டுதோறும் காண்கிறோம். வீட்டிலுள்ள அட்டையை இன்றே எடுத்து அதில் குறித்துள்ள நாளைப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

சிலருக்கு 40 விழுக்காடு கிடைக்காது. வலிப்பு நோய் மட்டும் உள்ளவர்களுக்கு, அந்நோய் இருபத்தொன்றில் இல்லாததால், அந்நோயைக் காரணமாக வைத்துச் சான்று கிடைப்பதில்லை. இவர்களுக்கு வழியே இல்லை என்று பொருளன்று. எழுதும்போது விரல்கள் இறுகும் ஒரு நோயால் பாதிக்கப்பட்ட தேர்வர் தொடுத்த வழக்கில், 40 விழுக்காட்டை எட்டாதவர்க்கும் தேவை இருப்பின் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகையோர்க்கு மருத்துவரின் தெளிவான கடிதமே ஆதாரம். கேளுங்கள், எழுதித் தருகிறோம்.

கழிப்பறை என்னும் பாடம்

பள்ளியிலிருந்து பிள்ளைகள் நிற்பதற்குப் பாடம் கடினமாயிருப்பதே காரணம் என்று நெடுங்காலம் நாங்கள் நம்பினோம். கேட்கத் தொடங்கிய பின்னரே வேறு காரணங்கள் வெளிவந்தன. அவற்றுள் முதலிடம் கழிப்பறைக்கு.

தண்டுவடப் பிளவுடன் பிறந்த ஒரு மாணவி. சிறுநீர்ப்பை தானாக இயங்காததால், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். பத்து வயதிலேயே அதனைத் தன் கையால் செய்யக் கற்றுக்கொண்டாள். எங்கள் செவிலியர்கள் அவளை மற்றப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஆயினும் ஒன்பதாம் வகுப்பில் மூன்று முறை சிறுநீர்த் தொற்றுடன் காய்ச்சலில் வந்து சேர்ந்தாள். மருந்தை மாற்றினோம், குழாயை மாற்றினோம், ஆய்வகப் பரிசோதனையைத் திரும்பச் செய்தோம். நான்காம் முறை ஒரு செவிலியர் அவளுடன் தனியே அமர்ந்து கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆகவே காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அவள் தண்ணீர் குடிப்பதுமில்லை, குழாயைப் பயன்படுத்துவதுமில்லை.

தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். தாழ்ப்பாளுள்ள ஓர் அறை, கை கழுவத் தண்ணீர், பாடவேளையின் இடையே கேட்காமல் எழுந்து செல்லும் அனுமதி. இவ்வளவுதான். ஆசிரியர்களுக்கான கழிப்பறையின் சாவி ஒன்று அவளிடம் தரப்பட்டது. அந்தத் தலைமையாசிரியருக்கு முன்பே சொல்லியிருந்தால் முன்பே செய்திருப்பார் என்றே எங்களுக்குத் தோன்றியது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவள் சொல்ல வெட்கப்பட்டாள். நாங்கள் கேட்கவில்லை.

சட்டம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. பிறருக்கு அளவுக்கு மீறிய சுமையாகாத வகையில், ஒருவருடைய தேவைக்கேற்பச் செய்துதரும் தக்க மாற்றம். வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றுவதும் அதுவே. ஆலங்குடிச் சிறுவனுக்கு அந்த ஒன்று நடந்திருந்தால் போதும். நடந்திருக்க, ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

பள்ளியில் கேட்கத்தக்கவர் வேறு ஒருவரும் உண்டு. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவரும் பணியாற்றுகின்றனர். பள்ளிக்கு வர இயலாத பிள்ளையின் வீட்டுக்கே சென்று கற்பிக்கவும் ஏற்பாடு உள்ளது. தங்கள் பகுதிச் சிறப்பாசிரியரின் பெயர் தெரியாத பெற்றோர், பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், குறைபாட்டின் தன்மைக்கேற்ப ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் அளிக்கிறது. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி வழியாக விண்ணப்பித்துவிடுங்கள். மொழிப்பாட விலக்கைப் பெறுமுன் மட்டும் ஒருமுறை யோசிக்க வேண்டுகிறோம். இன்று எளிதாயிருக்கும் விலக்கு, நாளை சில படிப்புகளுக்கும் பணிகளுக்கும் விண்ணப்பிக்கும்போது குறுக்கே நிற்கலாம்.

அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உரியவை. வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வும் உண்டு. பொறியியல் கலந்தாய்வில் இவ்வொதுக்கீட்டுக்குத் தனிச் சுற்று நடைபெறுகிறது. செவித்திறன் குன்றியோர்க்கென்றே சென்னை மாநிலக் கல்லூரியில் வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல் பட்ட வகுப்புகள் உள்ளன. அறந்தாங்கித் தாயின் மூத்த மகள் அங்கே விண்ணப்பித்திருக்கிறாள். மருத்துவக் கல்வியிலும் கதவு முன்பைவிடத் திறந்துள்ளது. குறைபாட்டின் விழுக்காட்டை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று தள்ளக் கூடாது, அவரால் படிப்பைத் தொடர இயலுமா என்பதையே பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இந்த மண்ணில் நடந்தவை

புதுக்கோட்டையில் இதையெல்லாம் பேசும்போது எங்களுக்கு ஒரு தைரியம் உண்டு. இவ்வூர் முன்னரே ஒருமுறை ஒரு கல்லூரிக் கதவைத் திறந்திருக்கிறது. 1886இல் இங்கே பிறந்த முத்துலட்சுமி, மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது அது ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரி. எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். அப்பெண் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் மருத்துவரானார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எம்மிடம் வரும் புற்றுநோயாளர் பலர் இன்றும் அம்மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்பட்டுச் செல்கின்றனர். மாணவியை மாற்றும்படி அன்று யாரும் கேட்கவில்லை. கல்லூரிதான் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

இன்னொன்றை இக்கட்டுரையைப் படிக்கும் பாட்டிமார்கள் நேரிலேயே அறிவர். 1991இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராயிருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து சைக்கிள் பழகும் இயக்கமும் இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் பரவியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். எழுத்தறிவு வகுப்பில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று அன்று கேட்டவர் உண்டு. தானாகச் சென்று திரும்ப முடியாதவருக்குப் படிப்பும் வேலையும் வாய்ப்பதில்லை என்பதே விடை.

எங்கள் இளைஞர்களுக்கும் அதே விடைதான். இரு கால்களும் பாதிக்கப்பட்டுக் கைகள் நன்றாக இயங்குவோர்க்கு இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டரை அரசு வழங்குகிறது. தசைச்சிதைவு உடையவர்க்குப் பேட்டரி சக்கர நாற்காலி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணமில்லை. ஆனால் மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு வர நகரப் பேருந்து ஏது? பேருந்தின் முதற்படியோ முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எனவே தொழிற்பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே செல்லும் முதற்பேருந்து எத்தனை மணிக்கு, யார் ஏற்றிவிடுவர், இறங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்று இரண்டு நாள் ஒத்திகை பார்க்குமாறு சொல்கிறோம். பயிற்சியைப் பாதியில் விட்ட பலர், பாடத்தால் அல்ல, பயணத்தால் விட்டவர்கள்.

எல்லாருக்கும் தையல் எந்திரமா?

வேலைவாய்ப்பு என்றதும் தையல் எந்திரம், மெழுகுவத்தி, ஊதுபத்தி என்று மூன்று சொற்களே நம் நாவில் வருகின்றன. தையலை நாங்கள் இழிவாகக் கருதவில்லை. கீரமங்கலம் பூச்சந்தைக்காக வீட்டில் அமர்ந்து பூக்கட்டி நல்ல வருவாய் ஈட்டும் சக்கர நாற்காலிப் பெண் ஒருவர் எங்கள் நோயாளர். அது அவர் தேர்ந்தெடுத்த தொழில். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய இளைஞனிடம் அவனைக் கேளாமலே ஊதுபத்திக் குச்சியை நீட்டுவதைத்தான் குறை சொல்கிறோம்.

என்ன வேலை என்பதற்கு முன், உடல் எதைத் தாங்கும் என்பதை மருத்துவரோடு பேசுங்கள். வலிப்பு உள்ளவர்க்கு உயரத்தில் ஏறும் வேலையும், சுழலும் எந்திரங்களும், வாகனம் ஓட்டுவதும், இரவுப் பணியும் ஆகா. கடைக்கணக்கு, கணினி, ஆய்வக உதவி, தாவர நாற்றுப் பண்ணை என வேறு பல உண்டு. காலில் உணர்ச்சி இல்லாதவர் நீண்ட நேரம் அமர்ந்தே செய்யும் வேலையில், அழுத்தப் புண் வராமல் அரைமணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக்கொள்ளப் பழக வேண்டும். இதை மறந்து, முதல் மாதச் சம்பளம் வாங்கிய கையோடு ஆறாத புண்ணுடன் வந்து மூன்று மாதம் படுத்திருந்தவர் ஒருவர் உண்டு.

அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது. பார்வை, செவித்திறன், இயக்கக் குறைபாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு விழுக்காடு. ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு விழுக்காடு. தேர்வுக்குப் படிக்கட்டும், நன்று. ஆனால் பத்தாண்டுகள் அதற்காகவே வீட்டில் காத்திருப்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, அங்கு நடைபெறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் செல்லலாம். தனியார் நிறுவனங்கள் தம் பணியாளரில் 5 விழுக்காட்டினரை மாற்றுத்திறனாளிகளாகக் கொள்ள அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே முதலாளியின் மனத்தைத் தொட வேண்டியிருக்கிறது.

விராலிமலைப் பக்கத்து ஒரு தொழிற்கூடத்தில், காது கேளாத எமது பழைய நோயாளர் ஒருவரை எடுக்க மேலாளர் தயங்கினார். அபாயச் சங்கு ஒலித்தால் அவருக்குத் தெரியாதே என்பது அவர் கவலை. நியாயமான கவலை. சங்கோடு சேர்ந்து எரியும் சிவப்பு விளக்கு ஒன்றை அவர் நிற்குமிடத்துக்கு எதிரே பொருத்தினர். இப்போது சத்தம் மிகுந்த அக்கூடத்தில் மற்றவர்களும் அவ்விளக்கையே பார்க்கின்றனராம்.

தென்காசி அருகிலுள்ள ஆய்க்குடியைப் பற்றி எங்களிடம் வரும் குடும்பங்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. 1975இல், பொறியியல் மாணவராயிருந்த எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றபோது, உடற்தேர்வில் விழுந்து கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் இயங்கவில்லை. ஊர் திரும்பிய அவர், அனைத்துலக ஊனமுற்றோர் ஆண்டான 1981இல், தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் அமர் சேவா சங்கத்தை ஒரு சிறு பள்ளியாகத் தொடங்கினார். தசைச்சிதைவு உடைய பட்டயக் கணக்கரான எஸ். சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி எல்லாம் ஒரே வளாகத்தில் இயங்கும் பெருநிறுவனமாக அது வளர்ந்தது. 2020இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எங்களைக் கவர்வது விருதன்று. சிகிச்சை எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக்காட்ட இயலாத அந்த அமைப்பு முறையே. நோயாளராயிருந்தவர் கட்டியதால்தான் அவ்வாறு அமைந்ததோ என்று நினைப்பதுண்டு.

எல்லாரும் வேலைக்குச் செல்ல இயலாது. அதையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு உட்காருவதும் உண்பதும் விழுங்குவதுமே ஒரு நாளின் வேலை. அக்குடும்பங்கள் இக்கட்டுரையைப் படித்து மனம் நோகக் கூடாது. கடுமையான குறைபாடு, அறிவுத்திறன் குறைபாடு, தசைச்சிதைவு உடையோர்க்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு வழங்குகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும், பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான பாதுகாவலராகப் பெற்றோரோ பிறரோ நியமனம் பெற, மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும்; 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்துள்ளது. வங்கியில் திகைத்து நின்ற தந்தைக்கு இவ்வழியே காரியம் முடிந்தது. விண்ணப்பத்தை ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பெறலாம். கிடைக்காதவற்றுக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம். மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வாண்டு முதல் எமது பிரிவில் பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொரு பிள்ளையின் கோப்பிலும் முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளைச் சேர்த்துள்ளோம். எந்த வகுப்பு? பள்ளிக்கு எப்படிச் செல்கிறாய்? பள்ளியில் கழிப்பறை எப்படி? பெரியவனாகி, பெரியவளாகி என்ன செய்ய ஆசை? விடையைப் பிள்ளையிடமிருந்தே பெற முயல்கிறோம். பெற்றோர் சற்றுப் பொறுத்து, அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டுகிறோம். சிலருக்குச் சொல்லி முடிக்க நேரமாகும். வெளியே வரிசை நீளும். நீளட்டும்.

ஆலங்குடி இளைஞரின் கோப்பில் அக்கேள்விகளைத் தாமதமாகத்தான் எழுதினோம். பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுத விரும்புவதாகச் சொன்னார். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்தாகிவிட்டது. அதே ஊர்ப் பட்டதாரிப் பெண் ஒருவர் மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறார். ஸ்கூட்டருக்கு மனு அளித்திருக்கிறார், இன்னும் வரவில்லை. இப்போதைக்குச் சித்தப்பாவின் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து வருகிறார். சென்ற வாரம் வந்தபோது கால்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தேர்வு மையம் கீழ்த்தளத்தில் அமையுமா என்று கேட்டார். அதற்கான கடிதத்தை இன்று காலை தட்டச்சு செய்து, அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.